அழுக்கு போன்

இயங்குதளத்தின் புதிய பில்டு வந்து இறங்கியதும் எங்கள் சோதனைக் கூடத்தில் எல்லோரும் முதலில் தேடுவது அலமாரியின் கடைசித் தட்டில் கிடக்கும் ஒரு போனை. ஓரத்தில் கண்ணாடி உடைந்திருக்கும். நினைவகத்தில் ஊசி நுழைய இடமிருக்காது. குடும்பக் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்கள், பாதியில் நின்றுபோன சினிமா டவுன்லோடு, ஒரே ஆளுக்கு மூன்று பெயரில் பதிந்த எண்கள், இரண்டு சிம், மூன்று கீபோர்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'அழுக்கு போன்'. புதுப் போனில் ஒரு வாரம் ஓட்டியும் தலைகாட்டாத பிழை இதில் அரை நாளில் வெளியே வந்துவிடும்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். போனுக்குள் இருக்கும் இயங்குதளம் மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அதை எப்படியெல்லாம் சாகடிக்கலாம் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிவகாசியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இந்தத் தொழில்மேல் பெரிய மரியாதை கிடையாது. ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விடியற்காலை அலாரம் அடிக்காமல் போய், பஸ்ஸை விட்டுவிட்டு, கோபத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்கள்லாம் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறீங்களா, இல்ல எங்க தலையில கட்டிட்டு அப்புறம் பாத்துக்கிறீங்களா?"

"ரெண்டும்தான் சித்தப்பா."

கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் சொன்னது தொழில் ரகசியம் என்றே சொல்லலாம்.

ஒரு சாதாரண செயலிக்கு ஒரு வேலை, இரண்டு வேலை இருக்கும். இயங்குதளம் எல்லாச் செயலிகளுக்கும் அடியில் படுத்திருப்பது. திரை, கேமரா, பேட்டரி, சிம், பிரிண்டர் என்று எதுவானாலும் அதன் வழியாகத்தான் பேச வேண்டும். ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை உள்ள 20 அமைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, அவை ஒன்றோடொன்று சேரக்கூடிய வகைகள் 10 லட்சத்தைத் தாண்டும். உண்மையான போனில் அமைப்புகள் நூற்றுக்கணக்கில். எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால் நம்பாதீர்கள். எதைச் சோதிப்பது, எதை விடுவது என்ற தேர்வுதான் இந்தத் தொழிலே.

அந்தத் தேர்வை மைக்ரோசாஃப்ட் ஒருமுறை செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விண்டோஸ் 95 தயாராகிக்கொண்டிருந்த காலம். பழைய டாஸ் நிரல்களும் பழைய விண்டோஸ் நிரல்களும் புதியதில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். திட்டத்தின் மேலாளர் தன் டிரக்கை எடுத்துக்கொண்டு எக்ஹெட் என்ற மென்பொருள் கடைக்குப் போனார். கடையில் இருந்த ஒவ்வொரு நிரலிலும் ஒரு பிரதி வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தார். அலுவலகக் கேன்டீன் மேசைகளில் அவற்றைப் பரப்பிவைத்து, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இரண்டு வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் ஒரு சாதாரண ஆள் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படிப் பயன்படுத்த வேண்டும். சின்னக் குறையானாலும் பதிய வேண்டும். கூலியாக அந்த நிரலை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இதை எழுதிவைத்தவர் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்த ரேமண்ட் சென்.

இப்படித் தேடியதில் கிடைத்த சங்கதிகள் விசித்திரமானவை. 'சிம்சிட்டி' என்ற புகழ்பெற்ற விளையாட்டு, தனக்குக் கொடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதிலேயே போய்ப் படித்துக்கொண்டிருந்தது. பழைய இயங்குதளத்தில் அந்த இடத்தை உடனே வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-ல் விளையாட்டு செத்தது. தப்பு சிம்சிட்டியுடையது. ஆனால் வாங்கியவர் விண்டோஸைத்தானே திட்டுவார்? எனவே சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும் ஏற்பாட்டை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தார்கள். யார் குற்றவாளி என்பது சோதகருக்கு இரண்டாம் கேள்வி. பயனருக்கு முன்னால் எது உடைகிறது என்பதே முதல் கேள்வி.

மனிதர்கள் ஒழுங்காகத் தட்டுவார்கள். பிழைகள் ஒழுங்கில்லாத இடத்தில் ஒளிந்திருக்கும். ஆகவே ஒழுங்கில்லாமல் தட்டும் ஒன்று தேவைப்பட்டது. 1983-ல் ஆப்பிளின் மேகிண்டாஷ் குழுவில் இருந்த ஸ்டீவ் கேப்ஸ் ஒரு குட்டி நிரல் எழுதினார். பெயர் 'குரங்கு'. அது மவுஸையும் விசைகளையும் கன்னாபின்னாவென்று இயக்கும். முதல் மேகிண்டாஷில் இருந்த நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. அந்த நெருக்கடியில் மேக்ரைட், மேக்பெயின்ட் என்ற நிரல்கள் எங்கே மூச்சுத் திணறுகின்றன என்று பார்ப்பது நோக்கம். ஒரு சிக்கல் வந்தது. குரங்கு எப்படியாவது சுற்றிச் சுற்றி 'வெளியேறு' என்பதை அழுத்திவிடும், சோதனை முடிந்துபோகும். குரங்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறிவிக்க ஓர் அடையாளம் வைத்தார்கள். அதைக் கண்டால் நிரல்கள் வெளியேற மறுத்துவிடும். இன்று ஆண்ட்ராய்டு உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் கருவி ஒன்றுக்கும் 'மங்கி' என்றே பெயர். எங்கள் கூடத்தில் இரவெல்லாம் அது ஓடும். இருட்டில் நாற்பது ஐம்பது திரைகள் தாமாகவே எதையெதையோ திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் புதிய வாட்ச்மேன் பயந்துபோனதுண்டு.

இதன் இன்னொரு கிளை ஒரு மழை இரவில் முளைத்தது. 1988-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். வெளியே புயல். லைனில் இரைச்சல் புகுந்து, அவர் தட்டாத எழுத்துகள் எல்லாம் கணினிக்குப் போயின. எழுத்து குழம்பியதில் அவருக்கு வியப்பில்லை. ஆண்டாண்டாகப் பயன்பாட்டில் இருந்த யூனிக்ஸ் நிரல்கள் அந்தக் குப்பையைத் தாங்காமல் சுருண்டு விழுந்ததுதான் வியப்பு. மாணவர்களை வைத்து வேண்டுமென்றே குப்பையை அனுப்பிப் பார்த்தார். 1990-ல் வெளியான முடிவு: சோதித்த நிரல்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்தன அல்லது உறைந்து நின்றன. 'ஃபஸ்ஸிங்' என்ற இந்த முறையை இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு எதிராக இரவுபகலாக ஏவிக்கொண்டிருப்பது கூகுளின் 'சிஸ்பாட்'. 2017 முதல் அது தானாகப் பிழை கண்டு, தானாகவே கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. கண்டெடுத்தவை ஆயிரக்கணக்கில்.

பெரிய நிறுவனங்களின் அன்றாடம் இவ்வளவு சுவாரசியமானதல்ல. ஒவ்வொரு நாளும் எல்லோரும் எழுதியதைச் சேர்த்து ஒரு பில்டு செய்வார்கள். அது எழுந்து நிற்கிறதா, திரை வருகிறதா என்று சில நிமிடச் சோதனை. அது தேறினால்தான் மற்றவை. பழைய பிழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எழுதி வைத்திருப்பார்கள். சரிசெய்த பிழை திரும்பி வருவது இந்தத் தொழிலில் அன்றாட நிகழ்வு. ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர்கள் கூகுளின் பொருத்தச் சோதனைத் தொகுப்பில் லட்சக்கணக்கான சோதனைகளைத் தேற வேண்டும். தேறாமல் ப்ளே ஸ்டோரைப் போனில் வைக்க உரிமம் கிடையாது.

பிறகு, தானே பயன்படுத்திப் பார்ப்பது. 1988-ல் மைக்ரோசாஃப்ட் மேலாளர் பால் மாரிட்ஸ், நம் நாய் உணவை நாமே தின்ன வேண்டும் என்ற பொருளில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 'நாய் உணவு' என்ற பெயரே இந்த வழக்கத்துக்கு நிலைத்துவிட்டது. 1993-ல் வெளியான விண்டோஸ் என்டி-யை வடிவமைத்த டேவ் கட்லர் இதில் கறார். அரைவேக்காட்டு என்டி-யில்தான் குழுவினர் தங்கள் வேலையைச் செய்தாக வேண்டும். தன் கோப்பு தொலைந்தால்தான் பொறியாளருக்குப் பிழையின் வலி தெரியும் என்பது சரிதான். ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொறியாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள். வேகமான கணினி, வேகமான இணையம், ஆங்கிலம், ஒழுங்காக அடுக்கிய கோப்புகள். அவர்கள் நூறு பேர் பயன்படுத்தினாலும் அது ஒரே ஆள் நூறு முறை பயன்படுத்திய மாதிரிதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2021-ல் லினக்ஸில் நடந்தது.

லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரச் சுற்று. முதல் இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். உலகெங்கிலும் இருந்து வரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளே எடுத்துக்கொள்வார். கதவு மூடியதும் 'ஆர்.சி.1' என்ற முதல் முன்வெளியீடு. அதன் பிறகு புதிய வசதி எதுவும் நுழையக் கூடாது, பிழைதிருத்தம் மட்டும். வாரம் ஒன்று வீதம் ஆர்.சி.7 வரை, சில சமயம் 8 வரை போகும்.

பத்தாயிரம் மாற்றங்களில் எந்த ஒன்று கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. கோயில் திருவிழாவில் சீரியல் விளக்கு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பல்பாகக் கழற்ற மாட்டார். நடுவில் கை வைப்பார். இந்தப் பாதியில் கோளாறா, அந்தப் பாதியில் கோளாறா என்று பார்த்து, கோளாறான பாதியின் நடுவில் மறுபடி கை வைப்பார். கெர்னலிலும் அதேதான். 16,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 முறை பாதியாக்கிச் சோதித்தால் குற்றவாளி கையில். இதற்கு 'பைசெக்ட்' என்று பெயர். நிரல் எழுதத் தெரியாத ஒரு பயனர்கூட, பொறுமை இருந்தால், இந்த வழியில் உலகின் தலைசிறந்த பொறியாளர் செய்த தவறைச் சுட்டிக்காட்டிவிட முடியும்.

2021 பிப்ரவரி. டோர்வால்ட்ஸ் வசிக்கும் ஓரிகன் மாநிலத்தில் பனிப்புயல் அடித்து, அவருக்கு ஆறு நாள் மின்சாரம் இல்லை. அதையும் மீறி லினக்ஸ் 5.12-ன் ஆர்.சி.1 குறித்த நாளில் வெளிவந்தது. சில நாளில் அவரிடமிருந்தே ஓர் எச்சரிக்கை: இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வெளியீட்டின் பெயரிலேயே 'பயன்படுத்தாதே' என்ற வால் ஒட்டப்பட்டது. கெர்னல் உலகில் அப்படி நடப்பது அபூர்வம்.

நடந்தது என்னவென்றால், கணினிக்கு நினைவகம் பற்றாதபோது அது கொஞ்சம் சரக்கை வட்டுக்கு மாற்றி வைக்கும். அதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். பெரும்பாலோர் வட்டில் அதற்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள். சிலர் மட்டும், கோப்புகளுக்கு நடுவே ஒரு பெரிய கோப்பையே ஸ்வாப்புக்குக் கொடுத்திருப்பார்கள். புதிதாக வந்த ஒரு மாற்றத்தில், அந்தக் கோப்பு வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கு விடுபட்டுப்போனது. தனிப் பகுதி வைத்திருந்தவர்களுக்குத் தொடக்கம் பூஜ்யம்தான். கணக்கு விடுபட்டாலும் ஒன்றும் ஆகாது. கோப்பு வைத்திருந்தவர்களுக்கோ, ஸ்வாப் சரக்கு வட்டின் தொடக்கத்தில் போய் விழுந்தது. அங்கே இருப்பது கோப்பு அமைப்பின் உயிர்நாடி. வட்டு முழுக்கப் போச்சு.

எழுதியவர், சரிபார்த்தவர், சேர்த்தவர் யார் கணினியிலும் இது தெரியவில்லை. எல்லோரும் தனிப் பகுதிக்காரர்கள் அல்லது ஸ்வாப்பே தேவைப்படாத அளவுக்கு நினைவகம் வைத்திருப்பவர்கள். இன்டெல் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் சோதனைக் கூடத்து இயந்திரங்கள் ஸ்வாப் கோப்பு வைத்திருந்தன. அவைதான் பலியாகி ஊரைக் காத்தன. ஞாயிறுவரை காத்திராமல் வெள்ளிக்கிழமையே ஆர்.சி.2 வந்தது. டோர்வால்ட்ஸின் இன்னொரு கவலையும் கவனிக்கத் தக்கது. யாரும் ஆர்.சி.1-ஐ அடித்தளமாக வைத்து வேலையைத் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பின்னாளில் வேறு ஏதோ பிழைக்காக ஒருவர் பைசெக்ட் செய்யும்போது நடுவில் இந்தக் கண்ணிவெடியின் மேல் கால் வைத்துவிடக் கூடாதல்லவா?

எங்கள் கூடத்தில் நாங்கள் தேடுவது இந்த மாதிரி ஒத்துப்போகாத அமைப்புகளைத்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பி இணைத்து, கணினி கட்டுப்படுத்தும் மின்வழங்கியில் போனை ஓட்டுவோம். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பட்டென்று வெட்டுவோம். திரும்பக் கொடுத்து, போன் எழுகிறதா என்று பார்ப்போம். அடுத்த முறை இன்னொரு நொடியில் வெட்டுவோம். இப்படி அப்டேட்டின் எல்லாக் கட்டங்களிலும். நம் ஊரில் சார்ஜ் தீரும் நிலையில் அப்டேட்டை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இயங்குதளத்துக்கு இரண்டு இருக்கைகள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். புதியது எழுந்து நிற்காவிட்டால் போன் பழையதற்கே திரும்பிவிடும். எல்லாப் போன்களிலும் அப்போதே வந்துவிடவில்லை. விலை குறைந்த போன்களில் அப்போது இரண்டு பிரதிக்கு இடம் ஏது?

மின்சாரச் சோதனை ஒரு பக்கம், நெட்வொர்க் சோதனை இன்னொரு பக்கம். காரில் நான்கைந்து போன்களைப் பொருத்திக்கொண்டு ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் வரை போய் வருவோம். ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறும் நொடியில் அழைப்பு அறுகிறதா என்று பார்க்க. லிஃப்டுக்குள் போவோம், அடித்தளக் கார் நிறுத்தத்துக்குப் போவோம். சுற்றுலா மாதிரித் தெரியும், நாள் முழுக்க "ஹலோ, கேக்குதா?" என்று கத்தியவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

தேதிகளைச் சோதிப்பது தனிக் கலை. 2011 ஜனவரி 1 அன்று உலகெங்கும் ஐபோன்களில் ஒருமுறை மட்டும் அடிக்க வைத்த அலாரங்கள் அடிக்காமல் போயின. 2016-ல், ஐபோனின் தேதியை 1970 ஜனவரி 1-க்குத் திருப்பி வைத்து அணைத்தால் மறுபடி எழவே எழாது என்பது தெரிய வந்தது. கணினிகள் பல, காலத்தை 1970-லிருந்து எத்தனை நொடி என்றே எண்ணுகின்றன. பூஜ்யத்தின் அருகே போனால் தடுமாற்றம். ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸின் 9.3 பதிப்பில் சரிசெய்தார்கள். மறுமுனையில் இன்னொரு விளிம்பு காத்திருக்கிறது. நொடிகளை 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் பழைய கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை நிரம்பிவிடும். அந்த நாளுக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைத்து நாங்கள் அடிக்கடி 'புத்தாண்டு' கொண்டாடுகிறோம்.

மொழியும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு ஐபோன்களைச் சாய்த்தது. அந்த எழுத்து உள்ள செய்தி வந்தால் செயலி மூடிக்கொள்ளும். அறிவிப்பில் வந்தால் முகப்புத் திரையே விழுந்து எழும். ஐஓஎஸ் 11.2.5-ல் இருந்த கோளாறு. பிப்ரவரி 19 அன்று 11.2.6 வந்தபின் தீர்ந்தது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, ஆனால் சோதித்தவர்களின் விரல்களில் அது இல்லை. தமிழைச் சோதிக்கும்போது நாங்கள் 'கொ', 'கோ' போல இருபுறமும் குறி ஏறும் எழுத்துகளை அழித்து அழித்து எழுதுவோம். 'க்ஷ', 'ஸ்ரீ' எல்லாம் உடைகின்றனவா என்று பார்ப்போம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம். பொத்தானை மீறி வழியும். இதை முன்கூட்டியே பிடிக்க, ஆங்கிலச் சொற்களையே செயற்கையாக நீட்டி, எழுத்துகளுக்கு மேல் புள்ளியும் கோடும் போட்டு, உலகில் யாருமே பேசாத ஒரு போலி மொழியை ஆண்ட்ராய்டில் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்காமலே கணக்குப் போட்டு நிரூபிக்கும் வழியும் உண்டு. மைக்ரோசாஃப்டின் தாமஸ் பாலும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜமணியும் உருவாக்கிய 'ஸ்லாம்', வன்பொருளை இயக்கும் விண்டோஸ் டிரைவர்கள் விதிகளை மீறக்கூடிய பாதை ஏதாவது இருக்கிறதா என்று நிரலைப் படித்தே சொல்லிவிடும். பூட்டிய பூட்டை மறுபடி பூட்ட முயல்கிறதா என்பது போன்ற விதிகள். விண்டோஸ் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளியார் எழுதிய டிரைவர்கள்தான் என்பதால் இது பேருதவி. 2011-ல் அத்துறையின் உயரிய விருதுகளில் ஒன்றான சி.ஏ.வி. விருது இருவருக்கும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் 2009-ல் 'எஸ்இஎல்4' என்ற சிறு கெர்னலை முழுவதுமாக நிரூபித்துக் காட்டினார்கள். 9,000 வரிக்கும் குறைவான நிரல்; நிரூபணமோ இரண்டு லட்சம் வரி. உங்கள் போனில் இருப்பது கோடிக்கணக்கான வரிகள். அந்த வழி இப்போதைக்கு நமக்கு இல்லை.

ஆக, கடைசியில் பயனரிடம்தான் வந்து நிற்க வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் நேர்மையும் அலட்சியமும் பிரிகின்றன.

நேர்த்தியாகச் செய்ததற்கு ஆப்பிளின் ஒரு காரியத்தைச் சொல்வேன். 2017 மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 வந்தபோது, ஐபோன்களின் கோப்பு அமைப்பையே அடியோடு மாற்றினார்கள். தவறினால் கோடிக்கணக்கானோரின் படங்கள் காலி. அதற்கு முந்தைய அப்டேட்டுகளிலேயே, பயனருக்குத் தெரியாமல், அவரவர் போனில் இந்த மாற்றத்தை ஒத்திகை பார்த்தார்கள் என்று ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி பின்னர் சொன்னார். மாற்றிப் பார்ப்பது, சரியாக வந்ததா என்று சோதிப்பது, முடிவை ஆப்பிளுக்குத் தெரிவிப்பது, பிறகு பழையபடியே விட்டுவிடுவது. கேட்காமல் செய்தார்களே என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனாலும் சோதகராக எழுந்து நின்று கைதட்டுவேன். உலகத்தில் உள்ள எல்லா விசித்திரமான போன்களிலும் சோதித்துவிட்டுத்தான் மாற்றினார்கள்.

மறுபக்கத்துக்கு, விண்டோஸ் 10-ன் 2018 அக்டோபர் அப்டேட். மைக்ரோசாஃப்ட் 2014 முதல் 'இன்சைடர்' என்ற பெயரில் தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே விண்டோஸைக் கொடுத்து வருகிறது. லட்சக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். அக்டோபர் 2 அன்று அப்டேட் வெளியானது. நான்கே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயிருந்தன.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்துக்கொள்ள விண்டோஸில் வசதி உண்டு. மாற்றியவர்கள், பழைய இடத்தில் அதே பெயரில் காலிக் கோப்புறை ஒன்று தேவையில்லாமல் நிற்கிறது என்று முன்பு புகார் செய்திருந்தார்கள். அந்தப் புகாரைத் தீர்க்கத்தான் பழைய கோப்புறையை நீக்கும் நிரலைச் சேர்த்தார்கள். ஆனால் சிலர் கோப்புறையை மாற்றும்போது பழைய கோப்புகளை நகர்த்தாமல் அங்கேயே விட்டிருந்தார்கள். காலி என்று நினைத்து நீக்கியது காலியாக இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பிழை அல்ல. வெளியீட்டுக்கு முன்பே இன்சைடர்கள் சிலர், என் கோப்புகள் போய்விட்டன என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் மிகச் சிலர்; அவர்களுக்கு ஆதரவாக வாக்களித்தவர்களும் சிலரே. பட்டியலின் அடியில் அது புதைந்து கிடந்தது. நிறம் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு நூறு வாக்கு விழும்; ஆவணங்கள் அழிந்தன என்பதற்கு மூன்று விழும், ஏனென்றால் அழிந்தவர்களே மூன்று பேர்தான். பத்தாயிரத்தில் ஒருவர் மட்டுமே இந்த இழப்பைப் புகார் செய்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சிறிய விகிதம்தான். விண்டோஸ் இருப்பதோ கோடிக்கணக்கான கணினிகளில். நவம்பர் 13 அன்று திருத்திய அப்டேட் வந்தது. அதோடு, புகார் எழுதுபவர் அதன் தீவிரம் எவ்வளவு என்றும் குறிக்கும் இடம் படிவத்தில் சேர்க்கப்பட்டது. சோதனை என்பது எண்ணிக்கை அல்ல என்று உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் 2018-ல்தான் தன் படிவத்தில் ஒப்புக்கொண்டது.

இன்று பெரும்பாலோர் அப்டேட்டுகளைப் படிப்படியாகத்தான் அனுப்புகிறார்கள். முதலில் நூற்றில் ஒருவருக்கு. இரண்டு நாள் கவனித்து, செத்து விழும் கருவிகளின் எண்ணிக்கை ஏறாவிட்டால் இன்னும் சிலருக்கு. இந்தச் சாதாரண ஒழுங்கை விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சிறு கோப்பை உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. அவர்களின் மென்பொருள் 20 உள்ளீடுகளைத்தான் எதிர்பார்த்தது. வந்த கோப்பு 21-வதைத் தேடியது. அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டிய கருவியிலேயே பிழை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பி அரை மணி நேரம் பொறுத்திருந்தால் இது ஆயிரம் பேர் பிரச்சினையாக முடிந்திருக்கும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டு. முக்கியமான வேலைக்கு வைத்திருக்கும் கருவியில் பெரிய அப்டேட் வந்தால் ஒரு வாரம் பொறுங்கள், படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் இரண்டாவது போனோ பழைய கணினியோ சும்மா இருந்தால் அதை, முன்கூட்டியே சோதிக்கத் தரும் பீட்டா திட்டத்தில் சேர்த்துத் தமிழிலேயே பயன்படுத்திப் பாருங்கள். ஏதாவது உடைந்தால், வேறு யாரும் சொல்லவில்லையே என்று விட்டுவிடாமல் எழுதுங்கள். 'போன் சரியில்லை' என்று எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மாடல், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, மறுபடி செய்தாலும் அதே நடக்கிறதா, பில்டு எண் என்ன என்ற ஐந்தும் வேண்டும். பில்டு எண், ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் இருக்கும்.